நேரா போனா ஒரு புளியமரம் வரும்

யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "நேரா போங்க, ஒரு புளியமரம் வரும். அதைத் தாண்டினா ரேஷன் கடை வரும். கடைக்கு எதுத்தாப்ல ஒரு சந்து போகும், அதுல போயிடாதீங்க, அதுக்கு அடுத்தது" என்பார்கள். மரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நடக்கப்போவது நாம். ஆனாலும் நம் பேச்சுத் தமிழில் மரம் 'வரும்', கடை 'வரும்', சந்து 'போகும்'. வழி சொல்கிறவர் தான் நிற்கிற இடத்தை விட்டுக் கிளம்பி, மனதுக்குள் நம்மோடு நடந்து, நம் கண்ணால் ஊரைப் பார்த்துச் சொல்வதால் வருகிற இலக்கணம் இது.

கைபேசியில் வரைபடச் செயலியைத் திறந்து கிளம்பினாலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. நம்மைக் குறிக்கும் நீல அம்பு திரையின் கீழ்ப்பகுதியில் அப்படியே நிற்க, சாலை நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. வளைவு வருகிறது, பாலம் வருகிறது, பெட்ரோல் பங்க் வருகிறது. புளியமரம் மட்டும் வருவதில்லை. கூடவே நடந்து வந்த ஆளும் இல்லை.

மென்பொருள்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. புதிதாக ஒரு செயலி வந்தால் அன்றைக்கே இறக்கிப் பார்க்கிற ஆள் நான். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரியே அந்தப் பகுதியின் வரைபடத்தை, இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும்படி சேமித்து வைத்துவிடுவேன். பையில் எப்போதும் இரண்டு பவர் பேங்க். அதனால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற புலம்பலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வரைபடச் செயலியை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். கவிதையிடம் கேட்கிற கேள்விகளையே இதனிடமும் கேட்கலாம். யார் பேசுகிறார்கள்? யாரிடம்? எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, வழி சொல்வதற்கென்றே ஒரு இலக்கிய வகை நம்மிடம் இருக்கிறது.

நேற்றைய பசி

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, ஐந்தாவதாகக் கூத்தராற்றுப்படை என்ற மலைபடுகடாம். 'ஆறு' என்றால் வழி. ஒருவரை வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. முதலாவது முருகனிடம் அனுப்புகிறது. மற்ற நான்கிலும் சூழல் ஒன்றுதான்: ஒரு வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞர், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞரைப் பார்த்து 'இப்படிப் போ, இன்னாரைப் பார்' என்கிறார். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணமே சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் இவற்றை நூல், ஆசிரியர், பாட்டுடைத் தலைவன் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். ஒரு மார்க் வந்தது. அதோடு முடிந்தது.

மலைபடுகடாத்தை இன்று எடுத்து வாசித்தால் மலையேற்றக் கையேடு மாதிரியே இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். போய்ச் சேரவேண்டிய இடம் நன்னனின் செங்கண்மா. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம்தான் அது என்பார்கள். வழியில் என்னவெல்லாம் இருக்கும்? காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பார்த்துப் போங்கள். பாம்புகள் உண்டு. தினைப்புனம் காக்கிறவர்கள் விலங்குகளை விரட்டக் கவண்கல் எறிவார்கள், பெரிய மரங்களின் மறைவிலேயே போங்கள். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் பக்கத்தில் வளர்ந்திருக்கிற மெல்லிய மூங்கில்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள். திசை தவறிவிட்டால் பதற்றப்படாமல் உங்கள் கருவிகளை இசையுங்கள், சத்தம் கேட்டுக் கானவர்கள் வந்து உதவுவார்கள்.

இத்தனையும் சொல்வதற்கு முன்னால் அவர் எதிரே வருகிறவரைப் பார்க்கிறார். தோளில் தொங்குகிற வாத்தியப் பைகள் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருக்கின்றன என்று கவனிக்கிறார். சுமையோடும் பெண்களோடும் மலையேறப்போகிற கூட்டம் இது என்று அவருக்குத் தெரிகிறது. அதற்கேற்றபடிதான் வழி சொல்கிறார்.

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்லூர் நத்தத்தனாரின் பாணர், நல்லியக்கோடனைப் போய்ப் பார்ப்பதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறார். அடுக்களையில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது. உப்பில்லாமல் கீரையை வேகவைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். வழி சொல்கிறவர் தன் அவமானத்தைத் திறந்து காட்டிவிட்டு, 'நேத்து நானும் இப்படித்தான் இருந்தேன், நீ கிளம்பு' என்கிறார். என் வாசிப்பில் ஆற்றுப்படை என்ற வகையின் உயிர் இங்கே இருக்கிறது. நேற்று வழி தெரியாமல் நின்றவர்தான் இன்று வழிகாட்டுகிறார்.

'திரும்பவும்' என்கிற தமிழ்

இப்போது செயலியின் தமிழ்க் குரலைக் கேளுங்கள். "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்." இந்தத் 'திரும்பவும்' யார் யாரிடம் பேசுகிற தமிழ்? 'சரியான சில்லறை தரவும்', 'வரிசையில் நிற்கவும்' என்றெல்லாம் எழுதிப் போட்டிருப்பார்களே, அந்தத் தமிழ். மரியாதை குறைவில்லை. ஆனால் எதிரில் ஒரு ஆள் இருப்பதாக அது நினைக்கவில்லை. தெருவில் இதையே ஒருவர் "ரைட்ல திரும்புங்கண்ணா" என்பார், வயதான அம்மா "அப்படிக்கா திரும்பிக்கோ சாமி" என்பார். அந்த 'அண்ணா'வும் 'சாமி'யும் தகவல் என்ற கணக்கில் சேராது. வழி சொல்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதற்கு அவை சாட்சி.

புளியமரத்தின் அருமை நிறுவனங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இந்தியர்கள் தெருப் பெயரை வைத்து ஊரைத் தேடுவதில்லை, அடையாளத்தை வைத்துத் தேடுகிறார்கள் என்பதால் கூகுள் மேப்ஸ் 2023 டிசம்பரில் இந்தியாவுக்கென்று ஒரு வசதியை அறிவித்தது. ஓர் இடத்தின் முகவரியோடு பக்கத்திலிருக்கும் அடையாளங்களையும் சேர்த்துக் காட்டும் வசதி. நல்ல விஷயம். மரத்தைக் கொண்டுவந்துவிடலாம் போலிருக்கிறது. கூட நடக்கிற ஆளைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

மலைபடுகடாம் பாடுகிற நவிர மலையைப் பர்வதமலை என்று அடையாளம் காட்டுவார்கள். தென்மாதிமங்கலம் பக்கமாக அதில் ஏறினேன். கையில் உயர அளவெல்லாம் காட்டுகிற வரைபடம் இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தது. சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டிய செங்குத்துப் பாறைகள் தொடங்குவதற்கு முன், மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டீங்க தம்பி, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ, மலையேறிய யாரைக் கேட்டாலும் இந்தப் 'பத்து நிமிஷம்' பற்றிச் சொல்வார்கள். தரவாகப் பார்த்தால் அப்பட்டமான பொய். ஆனால் அவர் அளந்தது பாதையை இல்லை, என் மூச்சை. முக்கால் மணி நேரம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்று ஏற்கெனவே அதே பாறையில் உட்கார்ந்து எழுந்தவருக்குத் தெரியும்.

ஐந்து நட்சத்திரம்

ஆற்றுப்படையை இப்படி உச்சத்தில் தூக்கி வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் வெளிப்படையாகப் பேசினால், அது காசு வாங்கிக்கொண்டு போட்ட விமர்சனம். வழி சொல்கிற பொருநர் கரிகாலனிடம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் ஐந்து நட்சத்திரம் போடாமல் இரண்டரையா போடுவார்? பெரும்பாணாற்றுப்படை இளந்திரையன் நாட்டில் வழிப்பறிக் கள்வர்களே கிடையாது என்கிறது. இன்றைக்கு இதை அரசு விளம்பரம் என்போம். சிறுபாணாற்றுப்படையின் பாதையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் நண்டோடு வெண்சோறு என்று ஊருக்கு ஊர் சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. யூடியூபில் சாப்பாட்டுக் காணொளி போடுகிறவர்களின் முன்னோர் யார் என்று தேடினால் நத்தத்தனாரிடம் போய் நிற்கலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆற்றுப்படையில் சொல்கிறவர் வாங்கிய பரிசு மறைவில் இல்லை. அதுதான் பேச்சின் முதல் வரவு. தேரையும் யானையையும் பொன்னையும் காட்டித்தான் பேச்சே தொடங்குகிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல், இணையப் பிரபலங்கள் காசு வாங்கிப் போடுகிற பதிவில் அதைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும் என்று நெறிமுறை கொண்டுவந்தது. பாணர்களுக்கு அப்படி ஒரு நெறிமுறை தேவைப்படவில்லை. வரைபடத்தில் ஒரு ஓட்டலுக்கு ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரங்களில் எது பசித்தவர் போட்டது, எது முதலாளியின் மச்சான் போட்டது என்று நமக்குத் தெரியாது. அந்த ஆயிரம் பேரும் கூடிக் கிடைப்பது 4.2 என்ற ஒரு எண். அதற்கு முகம் கிடையாது, நேற்றைய பசியும் கிடையாது.

ஆபத்தைப் பற்றியும் அந்த எண் பேசாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றின் மேல் முழுமையடையாமல் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியை நம்பிப் போனதாகச் செய்திகள் கூறின. பாதையை அடைத்துத் தடுப்பு வைக்கவேண்டியவர்கள் சரியாக வைக்கவில்லை என்பதும் அதே செய்திகளில் இருந்தது. ஆக, பழி முழுவதையும் செயலி மேல் போட முடியாது. ஆனால் வழி சொல்லும் பிரதி என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லலாம். மலைபடுகடாத்தில் பாதையை விடவும் பாதையிலுள்ள பள்ளங்களுக்குத்தான் கவனம் அதிகம். செயலிக்கு ஒரு சாலை திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது. 'போகலாம், ஆனா பாத்துப் போங்க' என்று சொல்வதற்கு அதனிடம் இடம் மிகக் குறைவு.

'நீங்க யாரு வீட்டுப் பையன்?'

இதுவரை வாசித்தவர்கள், முடிவில் நான் 'அதனால் செயலியை அணைத்துவிட்டு மனிதர்களிடம் வழி கேளுங்கள்' என்று சொல்லப்போவதாக நினைத்திருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் மலைபடுகடாத்திலேயே இருக்கிறது. மலையூர்களில் உங்களுக்குச் சோறு போடுவார்கள், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையலாம் என்கிறது பாட்டு. எப்போது? நன்னனின் கூத்தர் என்று சொன்னால். அந்தப் பெயர்தான் கதவைத் திறக்கிறது. யாருடைய ஆள் என்று சொல்ல முடியாதவருக்கு அந்தக் கதவு திறக்குமா என்று பாட்டு சொல்லவில்லை.

கிராமத்தில் வழி கேட்டவர்களுக்குத் தெரியும். "இன்னார் வீடு எங்கே" என்று கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுக்கு? அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" பலருக்கு இது அன்பான விசாரிப்பு. சிலருக்கு இது விசாரணை. ஊருக்கு வெளியே, தனியாக இருக்கிற தெருவுக்கு வழி கேட்கிற இளைஞனின் முகத்தை, பெயரை, அப்பா பெயரை எடைபோட்டு, அதன்பிறகு 'வாங்க'வா 'வா'வா என்று முடிவாகிற அந்த இரண்டு நொடிகளை அனுபவித்தவர்கள் வழி கேட்டலின் இனிமையைப் பற்றிக் கட்டுரை எழுதமாட்டார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கவேண்டியிருந்தது. வெறும் இடப்பெயரே ஒருவரின் சாதியைச் சொல்லிவிடுகிறது என்றால், அந்த இடத்துக்கு வழி கேட்பது என்ன பாடு என்று யோசியுங்கள்.

ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத ஊர் பேருந்து நிலையத்தில் தனியாக இறங்குகிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்படையில் விறலியர் கூட்டத்தோடுதான் நடக்கிறார்கள். இவளுக்குக் கூட்டம் இல்லை. யாரிடமும் கேட்காமல், வழி தெரிந்தவள் மாதிரியே விறுவிறுவென்று நடக்க அவளுக்கு உதவுவது அந்த நீல அம்பு. வாட்ஸ்அப்பில் 2017-இல் வந்த நேரலை இருப்பிடப் பகிர்வை அவள் தோழிக்கு அனுப்பிவிட்டு ஆட்டோவில் ஏறுகிறாள். எங்கோ ஒரு அறையில் இன்னொருத்தி தூங்காமல் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூடவே நடக்கிற ஆள் காணாமல் போய்விட்டார் என்று மேலே சொன்னேன். இங்கே அவர் வேறொரு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறார், இந்த முறை அவள் தேர்ந்தெடுத்த ஆளாக.

செயலி 'யாரு வீட்டுப் பையன்' என்று கேட்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நேற்று ராத்திரி நாம் எங்கே தூங்கினோம் என்று அதற்குத் தெரிந்திருக்கலாம். ஊர்க்காரரின் கேள்விக்காவது பொய் சொல்லித் தப்பிக்கலாம்.

சிவப்புக் கோடு

நெரிசலில் சாலை சிவப்பாக மாறுகிறதே, அது எப்படி என்று நண்பர்களிடம் கேட்டால் பலரும் 'சேட்டிலைட்' என்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நம் கைபேசிக்குத் தன் இடத்தைக் கணக்கிட உதவுகின்றன, அவ்வளவுதான். நெரிசலைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முன்னால் போய் மாட்டிக்கொண்டவர்களின் கைபேசிகள். அவை மெதுவாக நகர்வதை வைத்து, பின்னால் வருகிறவர்களுக்குச் சிவப்புக் கோடு போடப்படுகிறது. 2020-இல் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கர்ட் இதை ஒரு கூத்தாகவே நடத்திக் காட்டினார். 99 கைபேசிகளை ஒரு சிறிய கைவண்டியில் போட்டு, பெர்லினின் வெறிச்சோடிய தெருக்களில் இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடம் அங்கே பெரும் நெரிசல் என்று சிவப்புக் கோடு காட்டியது.

முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்கு வழி சொல்வது என்ற இலக்கணப்படி பார்த்தால் இதுவும் ஆற்றுப்படைதான். சொல்கிறோம் என்று சொல்கிறவருக்கே தெரியாத ஆற்றுப்படை. நெரிசலில் நிற்கிற என் எரிச்சல் உங்களுக்கு வழியாகிறது. நீங்கள் வேறு சாலையில் திரும்பித் தப்பித்துப் போகிறீர்கள். நாம் சந்தித்துக்கொள்வதில்லை. நம் இருவருக்கும் நடுவே இருக்கிற நிறுவனத்துக்கு மட்டும் நம் இருவரையும் தெரியும்.

தெரிந்தே, விரும்பியே வழி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா மாதிரி யாரும் வரையக்கூடிய வரைபடம். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை செய்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் அதன் மேல்தான் எழுந்தது. அதில் ஒரு தெருவுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கலாம், குடிதண்ணீர்க் குழாயைக் குறிக்கலாம், சக்கர நாற்காலி போகுமா என்று எழுதலாம். ஒரு புளியமரத்தைக்கூட ஒரு புள்ளியாக வைக்கலாம். நானே வைத்திருக்கிறேன்.

வழியை எழுதுதல்

இதையெல்லாம் ஏன் ஒரு இலக்கிய இதழில் பேசவேண்டும்? நம் பயணக் கட்டுரைகளிலிருந்து வழி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதால். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யில் காவிரிக்குச் சமமாக, அந்தப் பாதையில் எதிர்ப்பட்ட மனிதர்களும் நினைவில் நிற்கிறார்கள். இப்போது வருகிற பயணக் கட்டுரைகள் பலவற்றில் எழுத்தாளர் அறையிலிருந்து கிளம்புகிறார், அடுத்த பத்தியில் கோட்டை வாசலில் நிற்கிறார். நடுவில் யாரிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. போய்ச் சேருவது நிச்சயமாகிவிட்ட பிறகு, போன கதையைச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. கோட்டையின் வரலாறு மட்டும் மிஞ்சுகிறது. அது விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது.

இதற்குப் பதில் செயலியை மறைத்துவிட்டு எழுதுவது கிடையாது. செயலியோடு நாம் பயணம் செய்கிற விதத்தை உள்ளபடி எழுதலாம். சிக்னல் போன இடத்தில் என்ன நடந்தது, குரல் சொன்னதைக் கேட்டு ஆட்டோக்காரர் ஏன் சிரித்தார், யாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, யார் நம்மிடம் கேட்டபோது நாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடந்துபோனோம். வழி கேட்பது யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம் என்பதையும் சேர்த்து எழுதலாம். ஆற்றுப்படைகள் எழுதாமல் விட்டது அது. இப்போது எழுத நமக்கு மொழி இருக்கிறது.

மலைபடுகடாத்தில் ஒரு அறிவுரை வருகிறது. நடுகற்கள் நிற்கிற, பாதைகள் பிரிந்து பிரிந்து போகிற இடம். ஊருக்குப் புதியவர்கள் நீங்கள், அதனால் பாதை கவர்க்கும் இடத்தில், சரியான வழி எது என்று தெரியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் வழி சொல்கிறவர். முடிந்து வைக்கிறவருக்கு அந்த முடிச்சால் ஒரு பயனும் இல்லை. அவர் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார். பின்னால் வரப்போகிற, முகமே தெரியாத யாருக்கோ அது. அந்த யாரோ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று புல்லுக்குத் தெரியாது, முடிந்தவரின் பெயரும் அதில் இருக்காது. வரைபடத்தில் ஒரு குழாயைக் குறிப்பதற்கும், ஒரு பயணக் கட்டுரை எழுதுவதற்கும், இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.